செல்வி கம்பி

அச்சகத்து நண்பர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை பார்த்த செல்வி அக்காவின் படத்திறப்பில் வாசிக்க ஏதாவது எழுதிக்கொடு என்று உங்கள் அச்சகத்துப் பாண்டியம்மாள் அக்கா கேட்டு சில நாட்களாகிவிட்டன. பகலில் உட்கார்ந்தால் என் மகள் தர்ஷினி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் தூங்கிய பிறகு, மூச்சு சீராக வருகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு எழுதக் கை வருகிறது. அதற்குள் ஊரே அடங்கிவிடுகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள், பலருக்கு நான் யாரென்று தெரியாது. என் பெயர் கார்த்திகா, விருதுநகரில் இருக்கிறேன். என் கணவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். நான் விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். தர்ஷினிக்கு ஐந்து வயதில் மூளையில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. செல்வி அக்காவுக்கும் பின்னந்தலையில் அதே இடத்தில்தான் கட்டி வந்து, ஏழு வயதில் எடுத்தார்களாம். அது நடந்து முப்பது வருடம் ஆகிறது. எங்களுக்குள் இருந்த சொந்தம் இவ்வளவுதான்.

செய்தி வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் 'செல்வி அக்கா' என்று பெயர் வந்தது. அவர் கூப்பிட்டால் நான் ஹலோ சொல்வதில்லை. "சொல்லுங்கக்கா, இன்னைக்கு எந்தக் கண்டக்டரோட சண்டை?" என்றேன்.  அந்தப் பக்கம் வேறு குரல் கேட்டது.

"தாயி, நான் செல்வி ஆத்தா பேசுறேன். செல்வி போயிட்டா தாயி."

கல்லில் கிடந்த தோசை கருகியது. எப்போது, எங்கே என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "தலையிலயாம்மா?" என்றுதான் கேட்டேன். அவர் அழுதார். யாரோ போனை வாங்கி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டுதான் சிவகாசி வரை பஸ்ஸில் வந்தேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் அக்காவின் அம்மா சின்னத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். நான் போனில் கேட்டதை அந்த நிலையிலும் அவர் மறக்கவில்லை. "கேட்டியே தாயி. தலையில ஒண்ணுமில்ல. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் சொன்னாக. நெஞ்சுல சளி கட்டி நிமோனியாவாம். தலை சுத்தமா இருக்குன்னுட்டாக. நீ பயப்படாத" என்றார். மகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த ஒரு தாய் என் பிள்ளையை நினைத்து எனக்குத் தைரியம் சொன்னார். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த என் மூச்சு அந்தச் சாவு வீட்டு நாற்காலியில்தான் இறங்கியது. காலேஜில் படித்தவள் என்பதால் அக்கா என்னைக் 'காலேசு' என்றுதான் கூப்பிடுவார். அவர் இருந்திருந்தால், "பாருங்க, காலேசுக்கு மூச்சு வந்திருச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருப்பார். சின்ன வயதில் செய்த சிகிச்சையால் உடம்பு நொந்திருந்ததால்தான் காய்ச்சலைத் தாங்க முடியவில்லையோ என்னவோ, எனக்குத் தெரியாது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்பேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

அக்காவை முதன்முதலில் பார்த்தது அந்த மதுரை ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே. தர்ஷினிக்கு அப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறு வயதில் இந்த ஆபரேஷன் ஆனவர்கள் பிற்காலத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு மாணவ டாக்டர் எதிர் பெஞ்சில் ஒரு பெண்ணிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் எந்த வயசுல?"

"ஏழு."

"இப்ப வயசு?"

"முப்பத்தஞ்சு."

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எங்களிடம் டாக்டர்கள் பேசியதெல்லாம் 'அஞ்சு வருஷம் போகட்டும், பார்ப்போம்' என்ற கணக்கில்தான். அந்த ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இருக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. எதிர் பெஞ்சில் ஒருவர் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் சோர்வு இருந்துச்சா? இல்ல, கொஞ்சம், அதிகம். மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"எந்தக் கிழமையக் கேக்கீக?"

"பொதுவா."

"பொதுவான்னு ஒரு கிழமை எங்க காலண்டர்ல இல்லையே தம்பி."

"சரி, இன்னைக்கு?"

"சிவகாசியில இருந்து நின்னுக்கிட்டே வந்தேன். அதிகம்னு போடுங்க. உக்கார எடம் கெடச்சிருந்தா, கொஞ்சம்."

"வாழ்க்கை திருப்தியா இருக்கா?"

"கீழ கேன்டீன்ல வடை தீந்துபோச்சுன்னுட்டாக. அதத் தவிர இருக்கு."

அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரிந்துகொள்ள ஆசை. அவர் போனதும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அங்கன உக்காராத, அந்தக் காது கேக்காது. இங்கன வா" என்று இடது பக்கம் தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்கு இடது பக்கத்து ஆள்.

திரும்பி வரும்போது ஒரே பஸ். நான் விருதுநகரில் இறங்க வேண்டும், அவர் சிவகாசிக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் கரண்டு வைத்திருந்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம். அதனால் உயரம் அதோடு நின்றுவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பார். கண்டக்டர் நெருங்கி வந்து, "பாப்பா, எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். அக்கா மெதுவாகத் திரும்பி, "முப்பத்தஞ்சாங் கிளாஸ்" என்றார். அந்த மனிதர் டிக்கெட் கிழிப்பதையே மறந்துவிட்டார். அக்காவின் பேச்சு மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்த மாதிரி. அதனால் கேலி இன்னும் ஆழமாக இறங்கும்.

அந்தப் பயணத்தில்தான் எங்கள் இருவர் வீட்டிலும் ஒரே தப்பு நடந்திருந்தது தெரிந்தது. தர்ஷினி காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள். பிறகு விளையாடப் போய்விடுவாள். அப்போது நாங்கள் வத்தல் குடோனுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். வத்தல் நெடி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்து, சண்டை போட்டு வீட்டை மாற்றினேன். புது வீட்டிலும் வாந்தி நிற்கவில்லை. பிள்ளை நடக்கும்போது சாயத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். இதை அவரிடம் சொன்னேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்காத்தாளும் அதேதான்! சேலையில வெடிமருந்து நெடி, அதான் பிள்ளைக்கு வாந்தின்னு, கம்பெனி விட்டு வந்தா வாசல்லயே குளிச்சிட்டுத்தான் என்னையத் தொடுவா. அம்புட்டு மோர் குடுத்தா எனக்கு. ஒனக்கு வத்தலு, அவளுக்கு வெடிமருந்து. அவங்கவங்க பொழப்பு நெடி!"

வீட்டு ஆட்கள் எத்தனையோ பேர் 'உன் தப்பில்லை' என்று சொல்லியும் ஆறாத மனது, அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஆறியது. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். புரிந்ததில்லை.

அதற்குப் பிறகு சாக்கு வைத்துக்கொண்டு சிவகாசிக்கு வர ஆரம்பித்தேன். வந்தால் அக்காவைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால், சாதாரணமாகப் பார்ப்பதில்லை. எப்படிச் சாப்பிடுகிறார், எந்தக் கையால் தம்ளரைப் பிடிக்கிறார், தெருவைக் கடக்கும்போது எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒருநாள் சேவு வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ காலேசு, என்னைய வச்சு ஒம் பிள்ளைக்கு ஜாதகம் பாக்கியா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

"பாத்துக்க. கல்யாணக் கட்டத்த மட்டும் விட்டுரு. அது என் கட்டத்துனால கெடல, என் வாயால கெட்டது."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டை வைத்துவிட்டு, பூவை ஒதுக்கிப் பின்னந்தலையைக் காட்டியிருக்கிறார். கரண்டு வைத்த இடத்தில் முடி முளைத்ததே இல்லை, தழும்பும் நீளமாகத் தெரியும். "இதையும் பாத்துருங்க. பின்னால சண்டை வரக்கூடாது" என்றாராம். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். "கேசரி பூரா எனக்குத்தான். நல்லா இருந்துச்சு" என்று சொல்லி முடித்தார். சிரித்தோம். பிறகு அவர் வெகுநேரம் சேவுப் பொட்டலத்தைத் தொடவே இல்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டேன்.

அவர் மதியத்துக்கு மேல் எப்படி இருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "மத்தியானத்துக்கு மேல என் தலையில பவர் கட்டு" என்பார். ஒருமுறை அந்த நேரத்தில் தினசரி காலண்டரில் மார்ச்சுக்குப் பின்னால் பிப்ரவரியை அடுக்கிவிட்டார் என்றும், லோடு ஏற்றும்போதுதான் யாரோ பார்த்தார்கள் என்றும் பாண்டியம்மாள் அக்கா சொன்னார். அதிலிருந்துதான் அந்த ஏற்பாடு வந்திருக்கிறது: காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட வேண்டும், சாப்பிட்டதும் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் படுத்து எழ வேண்டும். நான் வந்திருந்த ஒருநாள், அவர் படுத்திருக்க, நீங்கள் எல்லாரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தீர்கள். மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஏலே, இந்தச் சத்தத்துல யாருக்குலே மெதுவாப் பேசுறீக? நீங்கதான் முழுச்செவிடு, நான் பாதிதான்" என்றார்.

அதற்கு முன் நான் தர்ஷினியைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்ப்பாள். கவனமில்லை என்று திட்டுவேன். பேப்பர் கட்டுகளுக்கு நடுவே தூங்கிய அக்காவைப் பார்த்துவிட்டு வந்த வாரமே டியூஷனை நிறுத்தினேன். இப்போது வந்ததும் தூங்குகிறாள். எழுந்து ஒரு பக்கம்தான் எழுதுவாள், ஆனால் அவளாகவே எழுதுகிறாள்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை வெளியிடும் வழக்கம் உங்களுக்குப் பழகிப்போனது. எனக்கு அது அதிசயமாக இருந்தது. முதல் வருடம் ஆடி முடிவதற்குள் அக்கா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து ஒரு தினசரி காலண்டரை நீட்டினார். அடுத்த மாத ஸ்கேனுக்கு அந்தப் பக்கம் யோசிக்கவே பயந்துகொண்டிருந்தவள் நான். கையை நீட்டாமல் நின்றேன்.

"இந்தா, வாங்கு. அடுத்த வருசம். நான் பூராவும் புரட்டிப் பாத்துட்டேன். பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல, வெறும் வெள்ளி, சனிதான்."

தர்ஷினியின் பிறந்தநாள் தாளை மட்டும் மூலையில் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படியே செய்தார். அந்த மடிப்பு வரும்வரை தர்ஷினி தினமும் தாள் கிழிக்கும்போது எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அவரிடம் நான் கேட்டுக் கேட்டு விடை கிடைக்காமல் போனது ஒன்று உண்டு. மாடிப்படி இறங்கும்போது அவர் உதடு அசையும். ஒவ்வொரு படிக்கும் எதையோ முணுமுணுப்பார். கீழே வந்ததும் நின்றுவிடும். அக்காவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். காலை எங்கே வைக்கிறோம் என்பது உடம்புக்குத் தானாகத் தெரியாது, சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பார். அப்படிக் காலுக்குச் சொல்கிற சொல் என்ன என்று தெரிந்தால் தர்ஷினிக்கும் கற்றுக்கொடுக்கலாமே என்று எனக்குத் துடிப்பு. முதல்முறை கேட்டபோது, "மாரியாத்தாளுக்கு நேத்திக்கடன்" என்றார். இரண்டாம் முறை, "சீசன் நேரத்துல லீவு குடுக்காத மொதலாளியத் திட்டுறேன், படிக்கு ஒண்ணு" என்றார். பிறகொருநாள், "ஒன்னையத்தான் சொல்லுறேன்: வாரா, வாரா, கேள்வி கேக்க வாரா" என்றார். அவர் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "எங்கிட்டயும் சொன்னதில்ல தாயி" என்கிறார்.

அந்த மாடிப்படியில் இருக்கும் கம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். படத்திறப்பில் இதைக் கேட்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அச்சகத்தில் காலண்டர் அடுக்கும் இடம் மாடியில் இருக்கிறது. படிக்கு எல்லார் உயரத்துக்கும் ஏற்ற கைப்பிடி ஒன்று முன்பே இருந்தது. அது அக்காவுக்கு எட்டும், ஆனால் தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தோள் தூக்கினால் உடம்பு சாயும். முதலாளியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அக்காவே கிரில் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து, தன் கை தானாக விழும் உயரத்தில், இறங்கும்போது இடது கைக்கு வருகிற மாதிரி, இன்னொரு குழாயைப் பொருத்தச் சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் வைத்ததைப் பிடித்துப் பார்த்து, இறங்கிப் பார்த்து, கழற்றி மாற்றச் சொல்லி, அவர் அலுத்துப்போய், "ஏ ஆத்தா, இது கம்பியா, கல்யாணச் சட்டையா?" என்று கேட்கும்வரை விடவில்லையாம். முட்டியில் இடித்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அதைத் திட்டி, கடைசியில் அதற்குப் பெயரே 'செல்வி கம்பி' ஆகிவிட்டது. வெளியூர் டிரைவர்கள்கூட, "செல்வி கம்பியப் பாத்து எறங்குலே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது, எழுத உட்கார்ந்த முதல் நிமிடத்திலிருந்தே மனதில் இருப்பது.

தர்ஷினி ஜூன் மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பு மாடியில். படியில் அவளுக்குத் தள்ளாட்டம் இருக்கிறது. தலைமை ஆசிரியை நல்லவர்தான். "விழுந்துட்டா யார் பொறுப்பு? இன்னொரு வருஷம் ரெண்டாங் கிளாஸ்லயே இருக்கட்டுமே. கீழேயே பத்திரமா இருக்கும் பிள்ளை" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மருத்துவமனையில் அவள் தலையில் கட்டோடு கிடந்ததைப் பார்த்தவள் நான். இன்னொரு அடி படக்கூடாது, அவ்வளவுதான். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன?

இதை நான் அக்காவிடம் போனில் சொன்னேன்.  அக்கா எதற்கும் அறிவுரை சொல்லமாட்டார். "டாக்டரக் கேளு, நான் பேப்பர் அடுக்குறவ" என்பார். அன்று அதையும் சொல்லாமல், வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

"என்னையவும் அப்படித்தான் கீழ வச்சிருந்தாக. விழுந்துருவேன்னு. நான் விழவே இல்ல. ஆனா எங்கூடப் படிச்ச பிள்ளைக பூராம் மாடிக்குப் போயிட்டாக. அடுத்து வந்த பிள்ளைகளும் போயிட்டாக. மத்தியானம் மேல ஓடுறது கீழ கேக்கும், தடதடன்னு. நான் மேல பாத்துக்கிட்டே இருப்பேன்."

 பிறகு அவரே கேட்டார்:

"அங்கன கைப்பிடி இருக்கா?"

"ஒரு பக்கம் வெறும் சுவர்தான்க்கா. இன்னொரு பக்கம் பெரிய கட்டைச்சுவர். பிள்ளை கைக்குப் பிடிபடாது."

"சரி. காய்ச்சல் விடட்டும். ஒரு ஞாயித்துக்கெழமை வந்து பாக்குறேன்."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். காய்ச்சல் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையைப் பற்றி மட்டுமே பயப்படப் பழகியவளுக்கு, காய்ச்சல் என்பது ஒரு செய்தியாகவே படவில்லை.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அந்தத் தடதட ஓட்டம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். மாடிக்கே அனுப்புகிறேன், சுவரோரம் ஒரு கம்பி போட அனுமதி கொடுங்கள், செலவு எங்களுடையது என்றேன். ஆசிரியை என்னை உற்றுப் பார்த்தார். போன வாரம்வரை கீழேயே இருக்கட்டும் என்று தலையாட்டியவள்தானே நான்! "போட்டுக்கங்க. ஆனா அளவு நீங்கதான் சொல்லணும். எவ்வளவு உயரம், எவ்வளவு தடிமன்னு வெல்டர் கேட்பார்" என்றார். வெல்டர் திங்கட்கிழமை வருகிறார். பள்ளி திறந்துவிட்டால் பிள்ளைகள் நடமாட்டத்தில் வேலை செய்ய முடியாதாம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை இவை. சுவரில் தொங்கும் இந்த வருடக் காலண்டர், அதில் இன்னும் வராத ஒரு மடிப்பு. யாரையாவது பார்க்கப் போனால் அவருக்கு எந்தக் காது கேட்கும் என்று முதலில் பார்க்கும் பழக்கம். 'நல்லா இருக்கீகளா' என்று பொதுவாகக் கேட்காமல், இன்றைக்கு எப்படி, இந்த மத்தியானம் எப்படி என்று கேட்கிற வழக்கம். பிறகு, கடைசிவரை அவர் சொல்லாமல் போன அந்த முணுமுணுப்பு.

நேற்று எங்கள் வீட்டு வாசற்படியில் தர்ஷினி சுவரில் கை வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.  "என்னடி சொல்ற? அக்கா சொல்லிக்குடுத்தாங்களா?" என்று ஓடினேன். அவள் கடைசிப் படியில் இறங்கி நின்றுகொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்:

"மொதலாளியத் திட்டுறேம்மா."

அதற்கு மேல் அவளிடமிருந்தும் ஒன்றும் பெயரவில்லை.

நண்பர்களே, அச்சகத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றும், அப்போது செல்வி கம்பியைக் கழற்றிவிடலாமா என்று பேச்சு நடக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அது உங்கள் விஷயம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அக்காவின் உயரமும் என் பிள்ளையின் உயரமும் இப்போது ஏறக்குறைய ஒன்று. கழற்றுவதானால், அதற்கு முன் யாராவது டேப் வைத்து மூன்று அளவு எடுத்து எனக்கு அனுப்புங்கள்: படியிலிருந்து கம்பி எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைய எவ்வளவு இடம் விட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னால் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

கார்த்திகா